பேய்ப்படங்களின் முகப்புச் சின்னம்

படக்காட்சிக்குச் சென்று பழகியவர்கள் யாவரும் அறிந்த ஒரு கணம் உண்டு. விளக்குகள் அணைந்துவிட்டன. பிந்தி வந்தவர்கள் இருட்டில் தடவிக்கொண்டு தங்கள் இருக்கையைத் தேடுகிறார்கள். தணிக்கைச் சான்றிதழ் திரையில் தோன்றி மறைகின்றது. கதை இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியில் படக்கம்பெனியின் சின்னம் ஒன்று அசைந்து, ஒலித்து, தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகின்றது. அதற்கு ஆகும் நேரம் பெரும்பாலும் அரை நிமிஷம் கூட இல்லை. படத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பத்திரிகை விமரிசனங்களிலும் இதற்கு இடம் கிடைப்பது அரிது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சின்னத்தைத்தான். அதிலும் சிறப்பாக, பேய்ப்படங்களை எடுப்போர் தம் படங்களின் தலைப்பில் வைக்கும் சின்னத்தை.

மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றிக்கொண்டிருப்பதே நம் தொழில். ஆகவே, மொழிபெயர்க்க வேண்டாத பொருள் எதைக் கண்டாலும் நமக்கு அதனிடம் ஒரு தனி மரியாதை. அயல்நாட்டுப் படம் ஒன்று தமிழிலோ இந்தியிலோ குரல் மாற்றப்பட்டு வரும்பொழுது கதாநாயகன் முதல் காவற்காரன் வரை எல்லாரும் புது வாய் பெற்றுவிடுகிறார்கள். முகப்புச் சின்னம் மட்டும் பிறந்தபடியே வருகின்றது. தில்லியில் நாம் வழக்கமாகச் செல்லும் கொட்டகையில் நமக்கு இப்புறம் ஒரு வங்காளிக் குடும்பம், அப்புறம் ஒரு மலையாளி, முன்வரிசை முழுதும் பஞ்சாபிகள் என்று அமர்வது சாதாரணம். நகைச்சுவைக்கு நாம் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரிப்பதில்லை. எழுத்தைப் படித்துச் சிரிப்பவர் முந்திக்கொள்ளுவார். குரலைக் கேட்டுச் சிரிப்பவர் பிந்துவார். ஆனால் பேய்ப்படத்தின் சின்னம் தோன்றியதும் கொட்டகை முழுவதும் ஒரே கணத்தில் அடங்கிவிடுகின்றது.

சின்னம் என்பது ஆதியில் கடையின் பெயர்ப்பலகைதான். எவருடைய சரக்கு என்று தெரிவிப்பதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. ஜெமினியின் இரட்டைக் குழந்தைகள் குழல் ஊதி நின்றதையும், ஏவி.எம். என்ற எழுத்துக்களோடு வரும் இசையையும் அறியாத தமிழர் இல்லை. படக்கொட்டகைக்கு வெளியே டிக்கெட்டுக்கு நின்றவர்கள் அவ்வொலி கேட்டதும் ‘ஐயோ, போட்டுவிட்டான்’ என்று பதறி ஓடியதும் நினைவிருக்கும். அவை வரவேற்பு ஒலிகள். பேய்ப்படக் கம்பெனியின் சின்னத்துக்கோ இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. வருவோரை வரவேற்கவும் வேண்டும், வாசலிலேயே கொஞ்சம் நடுங்கவைக்கவும் வேண்டும்.

இதைப் பற்றி நம்மைச் சிந்திக்க வைத்தது நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம். சென்ற குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நம் குடியிருப்பின் கீழ்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் கம்ப்யூட்டரில் ஒரு பேய்ப்படம் பார்க்க உட்கார்ந்தார்கள். ஒன்பது வயதான நம் மகளும் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். படம் தொடங்கவே இல்லை என்றாள். அவள் கண்டது படக்கம்பெனியின் சின்னம் மட்டும். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஒரு நீண்ட நடைவழி, அதன் கோடியில் ஒரு கதவு, கிறீச்சென்ற ஒலியுடன் அக்கதவு மெல்லத் திறக்கின்றது, உள்ளே இருள். அவ்விருளிலிருந்து எதுவும் வரவில்லை. கம்பெனியின் பெயர் மட்டும் எழுகின்றது. இவ்வளவே.

மற்ற நால்வரும் படத்தை இறுதிவரை பார்த்தார்கள். அதில் பேய் வந்தது, பலரைத் துரத்தியது, கடைசியில் எரிந்து சாம்பலாயிற்று. அன்றிரவு அப்பிள்ளைகள் வயிறார உண்டு நிம்மதியாக உறங்கினார்கள் என்று மறுநாள் அவர்களுடைய தாய்மார் சொன்னார்கள். நம் மகளோ மூன்று வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. படுக்கையறைக் கதவு, குளியலறைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் படுக்குமுன் தானே சாத்தி, சாத்தியதைத் தொட்டும் பார்ப்பாள். ஊரில் என்றால் கூடத்தில் பாட்டி, அத்தை, சித்தப்பா பிள்ளைகள் என்று வரிசையாகப் படுத்திருப்பார்கள். இருட்டுக்குப் பங்காளிகள் உண்டு. வெளியூரில் இரண்டு அறை வீட்டில் வளரும் குழந்தைக்கு இருட்டு முழுவதும் தனக்கே சொந்தமாகிவிடுகின்றது. இதை வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

“அது வெறும் கடைப்பலகை அம்மா, கதையே இல்லை” என்று நாம் தேற்றினோம்.

“சரி அப்பா. அந்தக் கதவை அப்புறம் யார் சாத்தினார்கள்?” என்று அவள் கேட்டாள்.

நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பழைய படங்களின் முகப்புக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலானோம்.

பேசும்படம் வந்த புதிதில், 1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யூனிவர்ஸல் கம்பெனி இரண்டு படங்களை வெளியிட்டது. பிப்ரவரியில் வந்தது ‘டிராகுலா’. நவம்பரில் வந்தது ‘பிராங்கென்ஸ்டைன்’. பின்னாளில் உலகெங்கும் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களுக்கெல்லாம் இவ்விரண்டும் தாய்வீடு என்று சொல்லலாம். அவற்றின் முகப்பில் இருந்த சின்னம் யாது? ஒரு பூகோளம் சுழலுகின்றது. சின்னஞ்சிறு ஆகாயவிமானம் ஒன்று அதைச் சுற்றிப் பறக்கின்றது. கம்பெனியின் பெயர் தோன்றுகின்றது. மண்டையோடு இல்லை, வௌவால் இல்லை, ஊளை இல்லை. லிண்ட்பர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் மாகடலைப் பறந்து கடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. விமானம் என்றால் உற்சாகம். காதற்படத்துக்கும் குதிரைச் சண்டைப் படத்துக்கும் வைத்த அதே சின்னத்தைத்தான் இரத்தம் குடிக்கும் பிரபுவின் கதைக்கும் வைத்தார்கள்.

அக்கம்பெனியை 1912இல் நிறுவியவர்களில் தலையாயவரான கார்ல் லெம்லி, ஜெர்மனியிலிருந்து பதினேழு வயதில் கப்பலேறி அமெரிக்கா சென்றவர். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி ஹங்கேரி நாட்டினர். பிராங்கென்ஸ்டைனை இயக்கிய ஜேம்ஸ் வேல் ஆங்கிலேயர். அதில் உயிர்பெற்ற சவமாக நடித்த போரிஸ் கார்லாப்பும் ஆங்கிலேயர். அந்நாட்டு மக்களை நடுங்கவைத்தவர்களில் பாதிப்பேர் பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் என்பது நமக்குப் படித்தபொழுது வேடிக்கையாயிருந்தது. அறிமுகமில்லாத வீட்டில் முதல் இரவைக் கழித்தவர்களுக்குத்தான் அச்சத்தின் இலக்கணம் நன்றாகத் தெரியும் போலும்.

சின்னம் சாதுவாயிருந்ததால் எச்சரிக்கை வேறு வழியில் வர வேண்டியதாயிற்று. ‘பிராங்கென்ஸ்டைன்’ படத்தின் தொடக்கத்தில் எட்வர்ட் வான் ஸ்லோன் என்ற நடிகர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வருகிறார். வரப்போகும் கதை அதிர்ச்சி தரக்கூடியது, மனம் தாங்காதவர்கள் இப்பொழுதே யோசித்துக்கொள்ளலாம் என்ற பொருள்படச் சில வார்த்தைகள் பணிவாகப் பேசிவிட்டுப் போகிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான். இந்த முறையில் உள்ள மரியாதையைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் நேரில் வந்து, கண்ணைப் பார்த்து, போக விரும்புவோர் போகலாம் என்கிறார். போவதற்கு அவகாசமும் கொடுக்கிறார். நம் மகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. எச்சரிக்கை தானே தாக்குதலாகவும் இருந்துவிட்டது. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டு முதல் தணிக்கைச் சான்றிதழிலேயே ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுப் படிகள் குறிக்கப்படுகின்றன. கீழ்வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை யார் பார்த்தார்கள்!

லெம்லியின் குடும்பம் 1936இல் கம்பெனியை இழந்தது. அதோடு அந்த விமானமும் இறங்கிவிட்டது.

வானொலிக்காகப் பேசுகிற நமக்கு எல்லாச் சின்னங்களிலும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அது ஆர்.கே.ஓ. கம்பெனியின் சின்னம். பூகோளத்தின் உச்சியில் ஓங்கி நிற்கும் ஒரு வானொலிக் கோபுரம். அதன் நுனியிலிருந்து அலைகள் வெளிப்படுகின்றன. கூடவே தந்தி பேசும் ‘கட்டுக் கடகட’ பாஷையில் விட்டு விட்டு ஒரு கூவல். 1928இல் அக்கம்பெனி அமைந்தபொழுது அமெரிக்க வானொலிக் கார்ப்பரேஷன் அதில் பெரும் பங்காளி. திரைப்படத்துக்கு ஒலியேற்றும் தன் கருவிகளுக்கு வாடிக்கை தேடிய அந்த ஸ்தாபனமே ஒரு படக்கம்பெனியை உண்டாக்கிக்கொண்டது எனலாம். ஆகவே கோபுரமும் தந்தியும் சின்னமாயின. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தின் இராட்சதக் குரங்குக்கு முன்னால் ஒலித்தது இந்தத் தந்திதான்.

1942இல் அக்கம்பெனி வால் லூட்டன் என்பவரைச் சிக்கனப் பேய்ப்படங்களுக்குப் பொறுப்பாளராக நியமித்தது. அவர் கருங்கடற்கரையிலுள்ள யால்டாவில் பிறந்தவர். அவருக்கு விதித்த நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு படத்தின் செலவும் 150,000 டாலருக்குள் அடங்க வேண்டும், படம் 75 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, தலைப்பைக் கம்பெனி கொடுக்கும், அதற்குக் கதையை அவர் பண்ண வேண்டும். ‘பூனை மனிதர்’ என்று பொருள்படும் ஒரு தலைப்பை முதலில் கொடுத்தார்கள். வேறொருவராயிருந்தால் நடிகைக்குப் பூனை முகம் மாட்டியிருப்பார். லூட்டனும், இயக்குநரான பிரெஞ்சுக்காரர் ஜாக் டூர்னரும் அப்படிச் செய்யவில்லை. ஒரு பெண் இரவில் பூங்காவை ஒட்டிய வழியே தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் காலணி ஓசை. திடீரென்று பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகின்றது. முன்னால் நடப்பவள் நடையை விரைவுபடுத்துகிறாள். நிசப்தம். அப்பொழுது காதருகே சிறுத்தை சீறினாற்போல் ஓர் ஒலி. பார்த்தால், அவளருகே வந்து நின்ற பஸ்ஸின் பிரேக்! அதன் பின்னர் எந்தப் படத்திலும் இம்மாதிரிப் பொய் அதிர்ச்சி வந்தால் அத்தொழிலில் உள்ளோர் அதற்கு ‘பஸ்’ என்றே பெயர் சொல்லலானார்கள்.

இதையும் அந்தக் கோபுரச் சின்னத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தோம். கோபுரத்தின் கூவலில் பயமுறுத்தும் நோக்கம் எதுவும் இல்லை. அது ஒரு பெயரைத்தான் சொல்லுகின்றது. ஆயினும் இருட்டில் எங்கிருந்தோ யாரோ எவருக்கோ செய்தி அனுப்புகிறார் என்னும் உணர்ச்சியை அது செவியில் வைத்துவிடுகின்றது. வைத்த செவியைத்தான் லூட்டன் பயன்படுத்திக்கொண்டார். அஞ்சுவதற்கு வேண்டியது கண்ணன்று, காதுதான் என்று நமக்கு உறுதிப்பட்டது அப்பொழுதே. நேயர்கள் சோதித்துப் பார்க்கலாம்: பேய்ப்படம் பார்க்கும் குழந்தை கண்ணைப் பொத்திக்கொண்டால் பாதி பயம் நிற்கும், காதைப் பொத்திக்கொண்டால் முக்காலும் போய்விடும்.

பழக்கப்பட்ட ஒலியையே கெடுத்து அச்சமூட்டலாம் என்பதற்கு வேறோர் உதாரணம் உண்டு. 2020இல் பெயர் மாறுமுன் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்று வழங்கிய கம்பெனியின் முரசும் எக்காளமும் உலகறிந்தவை. ஆல்பிரட் நியூமன் 1933இல் அமைத்த இசை. 1992இல் வந்த ‘ஏலியன்’ வரிசையின் மூன்றாம் படத்தில் இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரும் இசையமைப்பாளர் எலியட் கோல்டென்தாலும் ஒரு காரியம் செய்தார்கள். எக்காளம் வழக்கம்போல் ஏறுகின்றது. முடிவுச் சுரத்துக்கு முந்திய இடத்தில் அப்படியே நின்றுவிடுகின்றது. நின்ற சுரம் நீண்டு, கூர்மையாகி, ஓலமாகின்றது. பாட்டு வீட்டுக்கு வந்து சேரவே இல்லை! சங்கீதம் தெரியாதவர்களும் நாற்காலியில் நெளிவார்கள். தெரிந்தவர்களின் பாடு இன்னும் மோசம். கச்சேரியில் பாடகர் ஆதார ஷட்ஜத்துக்கு வராமலே தம்பூராவை நிறுத்திவிட்டுப் போனால் எப்படியிருக்கும்?

நம் நாட்டிலோ, பம்பாயின் ராம்சே குடும்பத்தாருக்குத் தங்கள் பெயரே சின்னமாயிருந்தது. அவர்களும் ஊர் விட்டு வந்தவர்களே. தந்தையார் கராச்சியில் வானொலிப் பெட்டிகள் விற்கும் கடை வைத்திருந்தவர். ராம்சிங்கானி என்னும் குடும்பப் பெயர் வெள்ளைக்கார வாடிக்கைக்காரரின் நாவில் நுழையாமல் ராம்சே ஆயிற்று. தேசப் பிரிவினைக்குப் பின் பம்பாய் வந்து, ஏழு பிள்ளைகளுடன் படமெடுத்தார். 1972இல் வந்த ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ படத்துக்காக வீட்டார் எல்லாருமாக மகாபலேஷ்வரம் சென்று தங்கி, சமையல் முதல் காமிரா வரை தாமே பார்த்துக்கொண்டார்களாம். 1984இல் ‘புரானா மந்திர்’ வந்த காலத்தில் சுவரொட்டியில் அந்தப் பெயரைக் கண்டாலே போதும், உள்ளே என்ன இருக்கும் என்று வடநாட்டுச் சிற்றூர்வாசிகளுக்குத் தெரியும். கதவு திறக்கவேண்டியதில்லை, விமானம் பறக்கவேண்டியதில்லை.

இப்பொழுது இக்காலத்துக்கு வருவோம். 2006இல் ஓரன் பெலி என்பவர் சான் டியேகோ நகரிலுள்ள தம் சொந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் ஒரு படம் எடுத்தார். ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’ என்று பெயர். இரவில் படுக்கையறையில் வைத்த காமிரா பதிவு செய்ததாகச் சொல்லும் கதை. அது தொடங்கும்பொழுது நடிகர் பட்டியல் ஏதும் வராது. உண்மையாகவே நிகழ்ந்ததைப் போலச் சம்பந்தப்பட்ட குடும்பத்தாருக்கும் போலீசாருக்கும் நன்றி கூறும் எழுத்துக்கள் மட்டும் வரும். தான் ஒரு சினிமா என்பதை மறைத்துக்கொள்ளுவதே அதன் தந்திரம். 2009இல் பெருமளவில் வெளியாகி 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேசன் பிளம், தம் புளூம்ஹவுஸ் கம்பெனியைக் குறைந்த செலவில் நிறைந்த பயம் என்னும் வழியில் நடத்திப் பெரிய ஸ்தாபனமாக்கினார்.

அக்கம்பெனியின் அசையும் சின்னத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். இருண்ட வீடு ஒன்றினுள் நம் பார்வை நுழைகின்றது, நாற்காலி தானே நகர்கின்றது, சிறுமி ஒருத்தியின் உருவம் நிழலாகத் தெரிகின்றது, பின்னர் பெயர். கம்பெனியின் பெயரிலேயே ‘வீடு’ இருப்பதால் வீட்டைச் சின்னமாக்கினார்கள், பொருத்தந்தான். ஆனால் விந்தை என்னவெனில், தன்னைச் சினிமா என்றே காட்டிக்கொள்ளாத படத்தால் பேர் பெற்ற கம்பெனி, இன்று தன் பெயர்ப்பலகையையே ஒரு குட்டிச் சினிமாவாக ஆக்கி வைத்திருக்கின்றது. ‘சா’ வரிசைப் படங்களை எடுத்த டுவிஸ்டெட் பிக்சர்ஸ் சின்னத்தில் முட்கம்பியே சுற்றிக்கொள்ளுகின்றது. சாதுவான விமானம் போய், பலகையே கடிக்கும் காலம் வந்துவிட்டது.

இதில் கதைக்கு நஷ்டம் உண்டு என்பது நம் கருத்து. 2017இல் புளூம்ஹவுஸ் தயாரித்த ‘கெட் அவுட்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்ளுவோம். ஜார்டன் பீல் எழுதி இயக்கியது. திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிசு பெற்றது. அதில் பேயும் இல்லை, தானே நகரும் நாற்காலியும் இல்லை. கறுப்பின இளைஞன் ஒருவன் தன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறான். எல்லாரும் அளவுக்கு மீறி அன்பாயிருக்கிறார்கள். அந்த அன்புதான் பயங்கரம். தேநீர்க் கோப்பையில் கரண்டி உராயும் மெல்லிய ஓசையைக் கொண்டே அப்படம் நம்மை நடுங்கவைக்கின்றது. இத்தகைய கதைக்கு முன்னால் பேய்வீட்டைக் காட்டினால் பார்ப்பவன் கண் பேயைத் தேடிக்கொண்டிருக்கும்; உபசாரத்தில் உள்ள விஷத்தைக் கவனிக்கச் சற்று நேரமாகும். அந்தப் படத்துக்கு லெம்லியின் விமானம் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

எனினும் எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பேய்ப்படத்துக்குப் பணம் கொடுத்துப் போகிறவன் பயத்தைத்தான் வாங்குகிறான். வாசலிலேயே மாதிரி காட்டுவது வியாபாரத்தில் நாணயமான செயலே. கொட்டகை அடங்குகின்றதே, அந்த அடக்கத்தில் ஒரு மகிழ்ச்சியும் கலந்திருக்கின்றது. பக்கத்திலுள்ள வங்காளிப் பெரியவர் ஒருமுறை அந்நேரத்தில் நம் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை. அதற்கு முன் நாம் ஒருவரோடொருவர் பேசியதில்லை. இப்பொழுது துர்கா பூஜைக்கு அழைப்பு வருகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்து, அவற்றுள் அச்சத்துக்குத் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், அரசன் என நான்கு நிலைக்களன் கூறினார். நான்கும் எதிரே வந்து நிற்பவை. வந்தவை போகவும் கூடும். திறந்த கதவுக்கு அவர் கணக்கில் இடம் இல்லை. கீழ்வீட்டுப் பிள்ளைகள் கண்ட பேய் எரிந்து போயிற்று. கதை அவர்களை எங்கே அழைத்துப் போயிற்றோ அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்தும் விட்டது. நம் மகள் கண்ட சின்னத்துக்கோ தொடக்கம் மட்டுமே உண்டு. அதை அமைத்தவர்கள் பிழை செய்யவில்லை. அடுத்து வரும் கதை கதவைச் சாத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் திறந்து விட்டுப் போனார்கள். கதைவரை இருக்கமாட்டாத குழந்தையை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

குளிர்காலங்களில் நம் தந்தையார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்குவது வழக்கம். தந்தி இலாகாவில் உழைத்து ஓய்வுபெற்றவர். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவையை நிறுத்தியபொழுது இரண்டு நாள் யாருடனும் பேசாதிருந்தார். ஒரு பிற்பகல் அவர் பால்கனி வெயிலில் பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, நாம் உள்ளே மேற்சொன்ன வானொலிக் கோபுரச் சின்னத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டினோம். திரையை அவர் பார்க்கக்கூட இல்லை.

“ரேடியோ என்று அடிக்கிறான்” என்றார்.

மகள் நிமிர்ந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?”

“காதில் விழுகிறதே” என்றார் அவர். முறத்தின் விளிம்பில் விரலால் தட்டி, ‘ஆர்’ என்றால் இப்படி, ‘ஓ’ என்றால் இப்படி என்று காட்டினார். அவள் தன் பெயரை அடிக்கச் சொன்னாள். பிறகு கீழ்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் பெயரையும். அந்தச் சின்னத்தை ஏழெட்டுத் தடவை ஓட்டிக் கேட்டார்கள். பட்டாணி அப்படியே கிடந்தது.

மாலையில் அவளாகவே, “அந்தக் கதவையும் தாத்தாவுக்குக் காட்டலாமா?” என்றாள். நாம் சற்றுத் தயங்கி, ஒலியை முழுதும் அடைத்துவிட்டுப் போட்டோம். ஒலியில்லாத கதவு அட்டைக் கதவுபோல் அசட்டுத்தனமாகத் திறந்தது. தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “கீலுக்கு எண்ணெய் போட்டுப் பத்து வருஷம் இருக்கும்” என்றார். அவள் சிரித்தாள். பின்னர் கொஞ்சம் ஒலி வைத்தோம். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மறுமுறை முழு ஒலி.

அதற்குப்பின் அவள் செய்தது நமக்குத் தோன்றாத காரியம். திரையின் அடியில் உள்ள கோட்டில் விரலை வைத்து மெல்லப் பின்னோக்கி இழுத்தாள். பெயர் இருளில் மூழ்கியது, இருள் சுருங்கியது, கதவு அசைந்து அசைந்து வந்து நிலையில் பொருந்தியது. விரலை எடுக்காமலே நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாத்தியாச்சு, அப்பா” என்றாள்.

அன்றிரவு நாம் விளக்கை அணைக்கப் போனபொழுது அவள் உறங்கிப்போயிருந்தாள். அலமாரிக் கதவு ஒருக்களித்துத் திறந்தபடியே இருந்தது.